விழத் தெரிந்த விமானம்

4 பிப்ரவரி 1984, சனி

வெயில். காலையிலேயே தகரக் கூரை சடசடக்கிறது. ரப்பர் மரமெல்லாம் மொட்டை. இலை கூட்டிக் கூட்டி இடுப்பு போயிற்று. கூட்டி முடித்துத் திரும்பினால் வாசலில் மறுபடியும் இலை.

செய்ய வேண்டியவை: மூன்றாம் ஆண்டு கணக்கு நோட்டுகள். மண்ணெண்ணெய். மாதா படத்துக்குத் திரி. அவர் வெள்ளைச் சட்டைக்குப் பித்தான்.

இதெல்லாம் கிடக்கட்டும். இன்று அ. பேசினார். (கட்டிக்கொண்டவர் பெயரை முழுதாக எழுத இந்த வயதிலும் கை கூசுகிறது. அ. என்றே இருக்கட்டும்.)

நடந்தது இது. தோட்டத்துச் சின்ன துரை (உதவி மானேஜர்) சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பினாங்கு போனவர் ஒரு விளையாட்டு விமானத்தோடு திரும்பியிருக்கிறார். கையில் ரேடியோப் பெட்டி, அதில் நீளக் கம்பி. பெட்டியில் குச்சியை அசைத்தால் மேலே விமானம் திரும்புகிறது. லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்கத் திடலில். எஞ்சின் இரைச்சல், அதில் எரிகிற விளக்கெண்ணெய் வாசனை. இரண்டு வட்டம் நன்றாக அடித்தது. அடுத்ததில் கோல் கம்பத்தில் மோதித் தூள். துரை பொறுக்கிக் காடிக் கதவைத் திறந்து பின் சீட்டில் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

அ. வேலியோரம் நின்று பார்த்தார். வலது கை வழக்கம்போல் துண்டுக்குள். வீட்டுக்கு வந்து கோப்பி வாங்கும்போது தானாகவே சொன்னார்.

"அதுக்கு ரெண்டு கட்ட வெரலு இருந்தா போதும் போல."

அவ்வளவுதான். ஆனால் நவம்பருக்குப் பிறகு "வேணாம்", "சரி", "தண்ணி" தவிர அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். நான் கோப்பியில் சீனி போட மறந்திருக்கிறேன். அவரும் சொல்லவில்லை.

நவம்பரில் ரப்பர் ஆலையில் ஷீட் பிழிகிற உருளை அவர் வலது கையை இழுத்துக்கொண்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. மிச்ச மூன்றும் இருக்கின்றன. தையல் ஆறிவிட்டது. மடக்கினால் மடங்கும், மடக்கத்தான் மாட்டேன் என்கிறார். கட்டை விரலும் பக்கத்து இரண்டும் தினம் வேலை செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இப்படியே விறைத்து நின்றுவிடும் என்று சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். பந்து இப்போது பக்கத்து வீட்டு நாயிடம். கை துண்டுக்குள். சாப்பாடு இடது கையில், ஸ்பூனால், அதுவும் நான் அடுப்படிக்குப் போன பிறகு.

6 பிப்., திங்கள்

வெயில் அதே. பள்ளிக் கிணறு கீழே போய்விட்டது. பிள்ளைகளைப் போத்தலில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியாயிற்று. பாதிப் பேர் இனிப்புச் சிரப் கொண்டுவருகிறார்கள். வகுப்பு முழுக்க எறும்பு.

நாள் முழுக்க அந்த ஒரு வாக்கியம் மண்டைக்குள். வாங்கித் தந்தால் என்ன? கூட்டுப் பணம், சீட்டு மாதிரி, இந்த மாதம் என் முறை. தையல் மிஷினுக்கு என்று வைத்திருந்தேன். மிஷின் எங்கும் ஓடிப்போகாது.

ஒரே ஒரு பயம். சின்ன துரையுடையது மாதிரி முதல் நாளே தூளானால்? துரை கோல் கம்பத்தைத் திட்டலாம், காற்றைத் திட்டலாம், விற்றவனைத் திட்டலாம். இவர் யாரையும் திட்டமாட்டார். கையைப் பார்ப்பார். "இந்தக் கைய வச்சிக்கிட்டு" என்று ஒரு தடவை சொன்னால் முடிந்தது. அப்புறம் ஆண்டவரே இறங்கி வந்து சொன்னாலும் துண்டை எடுக்கமாட்டார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடத் தெரியாதா.

ஆகவே வேண்டியது வேகமான விமானம் இல்லை. அழகானதும் இல்லை. விழுந்தால் தாங்குகிற விமானம். அது மட்டும்தான்.

யாரைக் கேட்பது? இந்தத் தோட்டத்தில் விமானம் வாங்கிக் கெட்ட அனுபவசாலி ஒருவர்தான். பள்ளி விட்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். சின்ன துரை என்னைப் பார்த்த பார்வையில் நான் அவரைக் கிண்டல் செய்ய வந்தவள் என்று நினைத்தது தெரிந்தது. அப்புறம் புரிந்துகொண்டார். தன்னுடையது பழகியவர்களுக்கானதாம், வாங்கியபோது யாரும் சொல்லவில்லையாம். அலோர் ஸ்டாரில் ஒரு கடை இருக்கிறது, கடை முதலாளி சீனத் தவுக்கே பொறுமைசாலி, அங்கே போங்கள் என்று தெருப் பெயர் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

10 பிப்., வெள்ளி

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. முதல் பஸ். அ.விடம் அலோர் ஸ்டாரில் கல்வி இலாகா வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமையில் எந்த இலாகா திறந்திருக்கும் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் இருக்கிற நிலை அது.

கடை வாசலில் சீனப் புத்தாண்டுச் சிவப்புத் தாள் இன்னும் எடுக்கவில்லை. தட்டில் ஆரஞ்சு. தவுக்கே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மகனுக்கா என்றார். வீட்டுக்காரருக்கு என்றேன். சிரித்தார். வாங்குகிற எல்லாருமே மகனுக்கு என்றுதான் சொல்வார்களாம், நான்தான் உண்மை சொன்னேனாம்.

கூரையிலிருந்து ஒரு பட்டாளமே தொங்குகிறது. எதைக் காட்டினாலும் நான் கேட்டது ஒரே கேள்வி. விழுந்தால் என்ன ஆகும்?

சிவப்பு நிறம், எஞ்சின் வைத்தது. ஓட்டத் தெரிந்தால் விழாது என்றார். தெரியாதே. அதோடு முன்னால் உள்ள காற்றாடியை விரலால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். சுண்டிக் காட்டி, தன் ஆள்காட்டி விரல் தழும்பையும் பெருமையாகக் காட்டினார். நான் ஆரஞ்சு உரிப்பது மாதிரித் திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டில் யந்திரத்துக்குக் கொடுத்த விரல் போதும்.

மெல்லிய கட்டையில் செய்து காகிதம் ஒட்டியது. அழகு. தூக்கிப் பார்த்தால் அப்பளம். அடுத்த வீட்டுப் பூனை ஏறி உட்கார்ந்தால் போச்சு.

போர் விமானம் மாதிரி ஒன்று. சின்ன துரை வாங்கிய ரகம். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன்.

மறுபடி அதே கேள்வியைக் கேட்டபோது தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சிக்கு, செமுவா ஜாத்தோ லா." டீச்சர், எல்லாமே விழும்தான். சொல்லிவிட்டு ஏணி போட்டு மூலையிலிருந்து ஒன்றை இறக்கினார்.

எஞ்சினே இல்லாத விமானம். நீளமான றெக்கை, புது ரேடியோ வாங்கினால் அட்டைக்குள் வைத்து அடைத்து வருகிற வெள்ளை நுரை, மேலே வழவழப்பான தாள். உடம்பு கெட்டிப் பிளாஸ்டிக், தண்ணீர்க் குடம் மாதிரி. ஒரு நீள ரப்பர்க் குழாயில் கயிறு கட்டி இழுத்து விட்டால் பட்டம் மாதிரி ஏறுமாம், உச்சியில் கயிறு தானாகக் கழன்று விழுமாம், பிறகு மெல்ல மிதந்து இறங்குமாம். சுற்றுகிற சாமான் ஒன்றும் இல்லை. எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

றெக்கையை உடம்போடு பிடித்திருப்பது வெறும் ரப்பர் பேண்ட், குறுக்கும் நெடுக்குமாக. இதென்ன, ஆணி கிடையாதா என்றேன். தவுக்கே இடுப்பு உயரத்திலிருந்து விமானத்தைத் தரையில் போட்டார். றெக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். இரண்டையும் எடுத்து மறுபடி ரப்பர் மாட்டி நீட்டினார். ஒரு கீறல் இல்லை. ஆணி அடித்திருந்தால் றெக்கை முறிந்திருக்கும், ரப்பர் விட்டுக்கொடுக்கும் என்றார். லேசாக இருப்பதால் லேசாக விழும், இதுதான் விஷயம் என்றார்.

நான் போடலாமா என்று கேட்டேன். போட்டேன். மேசை மேல் ஏறாத குறையாக எட்டி உயரத்திலிருந்தும் போட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். புடவை கட்டிய ஒரு வாத்தியாரம்மா கடைச் சாமானைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறாள், தவுக்கே சிரித்துக்கொண்டே நிற்கிறார். பார்க்கத்தானே செய்வார்கள்.

பெட்டி எப்படி என்பதையும் காட்டினார். வலது கட்டை விரல் இடம் வலம். இடது கட்டை விரல் மேல் கீழ். தடுமாறினால் இரண்டு குச்சியையும் விட்டுவிட வேண்டும், விமானம் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். வலது கட்டை விரல் என்றதும் பணப்பையைத் திறந்தேன். வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுதப்போவதில்லை.

பஸ்ஸில் என்னைவிட நீளமான அட்டைப் பெட்டி. கண்டக்டர் இதற்கும் ஒரு டிக்கெட் என்றார். முறைத்தேன். போய்விட்டார்.

11 பிப்., சனி

காற்று இல்லை. புழுக்கம்.

ராத்திரி முழுக்கப் புரண்டு யோசித்ததில் ஒன்று தெளிவாயிற்று. உங்களுக்குத்தான் வாங்கினேன் என்று கொடுத்தால், பரிதாபப்பட்டு வாங்கியது என்று தொடமாட்டார்.

காலையில் மேசையில் பிரித்து வைத்தேன். எட்டி நின்று பார்த்தார்.

"யாருக்கு இது?"

"எனக்கு."

"ஒனக்கா?"

"ஏன், பொம்பள பிளேன் ஓட்டக்கூடாதா? அறிவியல் பாடத்துக்கு."

எப்போதும் உட்காரும் மூலை நாற்காலிக்குப் போகாமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து மேசை நன்றாகத் தெரியும். நானும் வேண்டுமென்றே விமானத்தின் வாலைத் தலைகீழாக வைத்து நெடுநேரம் மல்லாடினேன். அவர் கால் கட்டை விரல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பொறுக்கவில்லை அவருக்கு.

மதியம் நெத்திலிச் சம்பல், முருங்கைக் கீரை. சுமார்.

15 பிப்., புதன்

பள்ளியில் கூட்டம். வரும்போது இருட்டப் போகிற நேரம். வீட்டில் அடங்கிய குரலில் ரேடியோ பாட்டு.

வால் சரியாக மாட்டியிருக்கிறது. நான் மாட்டவில்லை. விமானத்தின் ரேடியோப் பெட்டிக் கம்பியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனேன், இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் தொட்டால் இளஞ்சூடு.

அவர் ஜன்னலோரம் அப்படியே. துண்டும் அப்படியே. எலி வந்து போயிருக்கும் போல என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். ம் என்றார்.

ஒரு வார்த்தை அதிகம் கேட்டாலும் கெட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு மீன் கழுவப் போனேன். எனக்கு வாயைப் பொத்துவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

18 பிப்., சனி

வெயில். தூரத்தில் இடி, மழை இல்லை. இன்று செய்த மடத்தனத்தை எழுதி வைக்கிறேன்.

அ. முடி வெட்டிக்கொள்ள பீடோங் போயிருந்தார். முனியாண்டி அண்ணன் வந்தார். பக்கத்து வீடு, ரப்பர் ஆலையில் ஆட்களை மேய்க்கிற மண்டோர், அன்றைக்கு உருளையை நிறுத்தி அவர் கையை மீட்டவரும் இவர்தான். நாய்க்குச் சொந்தக்காரரும் இவர்தான். விமானத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்னா டீச்சரு, ஊதுனா பறந்துரும் போல இருக்கு. இதா தாங்கும்? நம்மகிட்ட பாலு இருக்கறப்ப என்னாத்துக்கு கவல லா?"

ஆலையிலிருந்து ஒரு டின் ரப்பர்ப் பால் கொண்டுவந்தார். வயிறு, மூக்கு, முதுகு எல்லாம் பிரஷ்ஷால் பூசினோம். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதற்கு மேல் இன்னொன்று. எதில் மோதினாலும் பந்து மாதிரி எகிறும் என்று அண்ணன் சொல்ல, நானும் நம்பினேன். வெயிலில் வைத்துக் காய வைத்தோம். ஆலைப் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட்டோடு தொங்கவிட்டால் இன்னும் இறுகும் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது.

லேசாக இருந்தால் லேசாக விழும் என்று தவுக்கே கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். பத்து நாள் தாங்கவில்லை என் மண்டையில். பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று முட்டி போட வைக்கிறேன்.

வீடு முழுக்கப் பால் நாற்றம்.

19 பிப்., ஞாயிறு

பள்ளி. வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வாசலில் விமானத்தைக் கையால் வீசிப் பார்த்தேன். முனியாண்டி அண்ணன் சாட்சி. வீசிய வேகத்தில் என் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. எகிறவும் இல்லை. பறப்பதாவது.

அ. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். இடது கையால் தூக்கி எடை பார்த்தார். முனியாண்டி அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது பிளேனா, செருப்பா?"

திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்து விமானத்தை மடியில் வைத்துக்கொண்டார். இடது கை விமானத்தின் உடம்பைப் பிடித்திருந்தது. துண்டு நழுவி மடியில் விழுந்தது. வலது கை வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டியும் மூக்கு ஓரத்தில் ஒரு நுனியைக் கிள்ளி எடுத்து, மரத்துக் கீறலில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரியே மெல்ல உரிக்க ஆரம்பித்தன. ஆறு வயசிலிருந்து அம்மாவோடு மரம் மரமாக உரித்த கை அது. அவர் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

முனியாண்டி அண்ணன் வாயைத் திறந்தார். கையைப் பற்றித்தான் ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்து, சீனி இல்லை, கடைக்குப் போய் வாருங்கள் என்று துரத்தினேன். சீனி டின் நிறைய இருந்தது. நான் உள்ளே போய் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். அழுத சத்தம் கேட்கக்கூடாது என்று சட்டியை உருட்டினேன்.

வழவழப்பான பிளாஸ்டிக்கில் பால் ஒட்டவில்லை. தோல் தோலாக வந்துவிட்டது. இருட்டுவதற்குள் முக்கால் பங்கு உரித்துவிட்டார். நடுவில் ஒரு தரம் கை வலித்திருக்க வேண்டும், உதறிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். பூசைக்கு நேரமாகிவிட்டது. என் கையெல்லாம் பால் நாற்றத்தோடு நற்கருணை வாங்கினேன். ஆண்டவர் தோட்டத்து ஆள்தான், கோபிக்கமாட்டார்.

21 பிப்., செவ்வாய்

ராத்திரி ஒரு தூறல். இலைச் சருகு ஈரம், கூட்ட வரவில்லை.

மிச்சத்தையும் உரித்துவிட்டார். அடியில் ஒரு மூலையில் விட்டுப் போனதை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார். உரித்த தோல் எல்லாம் நாயிடம். அது ரப்பர் விஷயத்தில் கொடுத்து வைத்த நாய்.

விமானத்தோடு வந்த இங்கிலீஷ் தாளைக் கேட்டார். கொடுத்தேன். படித்துவிட்டு எனக்கே பாடம் எடுத்தார். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கி வரும்போது தலைகீழ். வலதில் தள்ளினால் நம் கண்ணுக்கு இடது பக்கம் போகும். அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்களாம். தாளில் அப்படிப் போட்டிருக்கிறதாம்.

"கவனமா இருக்கணும் நீ," என்றார்.

நான். சரிதான். என் விமானம்தானே.

துண்டு மறுபடி கைக்கு வந்துவிட்டது. உரிக்கிற வேலை முடிந்ததும் வந்துவிட்டது. சும்மா இரு பிலோமினா, சும்மா இரு.

23 பிப்., வியாழன்

நாளை வெள்ளி, பள்ளி இல்லை. இடம் பார்த்தாயிற்று: சுங்கை லாலாங் ரோட்டுப் பக்கம் மறுநடவுக்குப் பழைய மரமெல்லாம் தள்ளிய மேடு. மண்ணைக் காக்கக் கொடி போட்டிருக்கிறார்கள், முழங்கால் வரை மெத்தை மாதிரிப் படர்ந்து கிடக்கிறது. மரம் இல்லை, கோல் கம்பம் இல்லை. விழுகிறதற்கு இதைவிட நல்ல இடம் கெடாவில் கிடையாது.

எடுத்துப் போக: ரப்பர்க் குழாய், கயிறு, முளைக்குச்சி, ரப்பர் பேண்ட் உள்ளதெல்லாம், பிளாஸ்டர் நாடா, தண்ணீர், மரவள்ளி அவித்தது. குழாயை இழுத்துவிட முனியாண்டி அண்ணன். பால் டின் கொண்டுவரக்கூடாது என்று சொல்லியாயிற்று.

என் திட்டம். முதலில் நான் ஓட்டுவேன். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வேண்டுமென்றே கீழே விடுவேன். இரண்டு நல்ல கைகளோடு, அவர் கண் முன்னால். அப்படியானால் முதல் விழுகை என்னுடையது. அவர் விட்டு விழுந்தாலும் கைமேல் பழி போட வழியில்லை. விமானம் தாங்கும், போட்டுப் பார்த்து வாங்கியது. இவர் தாங்குவாரா என்பதுதான்.

செபமாலை சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும். விமானத்துக்காகச் செபமாலை. யாரிடம் சொல்வது இதை.

24 பிப்., வெள்ளி

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

காலைப் பனி விலகியதும் போனோம். மெல்லிய காற்று. முளை அடித்து, ரப்பர்க் குழாயை நீட்டி, முனியாண்டி அண்ணன் விமானத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார். பெட்டி என் கையில். அ. பக்கத்தில், துண்டோடு. விடட்டுமா என்றார் அண்ணன். விடுங்க என்றேன்.

அப்பா. ஏறியது பாருங்கள், சத்தமே இல்லாமல். கயிறு கழன்று விழுந்தது. வெள்ளை றெக்கை வெயிலில். சரி, கொஞ்ச நேரம் பறக்கட்டும், பிறகு திட்டப்படி விழ வைக்கலாம் என்று மெல்லத் திருப்பினேன். திரும்பி எங்களை நோக்கி வந்தது.

அதோடு சரி. வலதா இடதா ஒன்றும் புரியவில்லை. ஒரு பக்கம் தள்ளினேன், மறுபக்கம் போனது. இன்னும் தள்ளினேன், இன்னும் போனது. விடு, குச்சிய விடு என்று அ. கத்துவது காதில் விழுந்தது, கை விடவில்லை. வட்டமாகச் சுழன்று கொடிக்குள் மூக்கைக் குத்தி நின்றது. வேண்டுமென்றே விழ வைக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

பிறகு ஒரு சத்தம். திரும்பினால் அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு கையும் நல்லா வச்சிக்கிட்டு இப்புடியா ஓட்டுவ?"

கொடியில் இறங்கித் தேடி எடுத்துவந்தார். றெக்கை தனி, உடம்பு தனி, மூக்கில் மண். முறிவு இல்லை. உட்கார்ந்து ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினார். இழுக்க இரண்டு கை வேண்டும். துண்டு எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். ஒரு ரப்பர் பட்டென்று அறுந்து அவர் மூக்கில் அடித்தது. அண்ணன் சிரித்தார். இவர் திட்டினார். அப்புறம் நிமிர்ந்து என்னிடம் கையை நீட்டினார், வலது கையை.

"குடு அந்தப் பெட்டிய. நீ ஓட்டுனா இன்னிக்கே ஒடச்சிருவ."

கொடுத்தேன்.

ஏறியது. அவர் கட்டை விரல் குச்சி மேல், மற்ற இரண்டும் பெட்டியின் பக்கத்தில் விறைப்பாக. ஒரு பெரிய வட்டம். எங்களை நோக்கி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இன்னும் பறந்துகொண்டிருந்தது. இன்னொரு வட்டம். பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று தூக்கிப் புரட்டியது. அவர் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. விமானம் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தலைகீழாக விழுந்தது.

இதற்காகத்தான் இத்தனை நாள் பயந்தேன். கையைப் பார்க்கப் போகிறார், இப்போது பார்க்கப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முனியாண்டி அண்ணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

அவர் வானத்தைப் பார்த்தார்.

"சனியம் புடிச்ச காத்து. வர்ற நேரம் பாரு."

காற்றைத் திட்டினார். கையைத் திட்டவில்லை. சொல்லிவிட்டு மேட்டில் ஏறி ஓடினார், விமானத்தைத் தேட. நான் அப்படியே கொடி மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா. வேறு வார்த்தை இல்லை. அப்பாடா.

மதியம் வரை விழுந்ததெல்லாம் கணக்கில்லை. றெக்கை நுனியில் ஒரு நசுங்கல், நாடா ஒட்டியாயிற்று. ரப்பர் பேண்ட் தீர்ந்துதான் வீட்டுக்கு வந்தோம். சுற்றிலும் ரப்பர் தோட்டம், கட்ட ஒரு ரப்பர் பேண்ட் இல்லை. அண்ணன் சிரித்தே ஓய்ந்தார். மரவள்ளியை மூன்று பேரும் மண் கையோடு தின்றோம்.

ராத்திரிச் சோற்றுக்கு அவர் ஸ்பூன் கேட்கவில்லை. நானும் வைக்கவில்லை. பாதி கீழே சிந்தியது. நாளைக்கு எறும்பு வரும் என்று திட்டினேன். பழைய மாதிரியே திட்டினேன், சந்தோஷமாக இருந்தது.

25 பிப்., சனி

லேசான மேகம். காற்று அடங்கியிருக்கிறது.

எழுந்தபோது ஆள் இல்லை. மேசையில் விமானம் இல்லை, பெட்டி இல்லை. நான் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைக் கட்டி வைத்திருந்த ரப்பர் பேண்டுகளும் ஒன்று விடாமல் இல்லை. தாள் எல்லாம் தரையில். மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் கலந்து கிடக்கிறது. வரட்டும் மனுஷன்.

துண்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. துவைத்துத் துணிக்கொடியில் போட்டேன்.